சொசைட்டியா, கம்பெனியா? சேர்ந்து விற்க நினைக்கும் உழவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஊரில் இருநூறு முந்நூறு பேர் கூடி, இனி விளைச்சலை ஆளுக்கொரு பக்கம் வியாபாரியிடம் கொண்டுபோகாமல் சேர்ந்தே விற்போம் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். எந்தப் பெயரில், எந்தச் சட்டத்தில் பதிவு செய்வது என்று வரும்போதுதான் பேச்சு தடுமாறுகிறது. "நம்ம ஊர் சொசைட்டி இருக்கும்போது புதுசா எதுக்கு?" என்பார் ஒருவர். "சொசைட்டியில கட்சிக்காரங்கதான் வந்து உட்காருவாங்க, கம்பெனி ஆரம்பிப்போம்" என்பார் இன்னொருவர். "பதிவே வேண்டாம், மகளிர் குழு மாதிரி கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம்" என்று மூன்றாவதாக ஒரு குரல் வரும். மூவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால்தான் முடிவெடுப்பது கடினமாகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன், உரம், கிடங்கு ஆகியவைதான் உங்கள் முதல் தேவை என்றால், ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை விட்டு விலகாதீர்கள். விற்பனைதான் தேவை, விலையை நாமே பேச வேண்டும் என்றால் உற்பத்தியாளர் கம்பெனி (உழவர்களே பங்குதாரர்களாகக் கம்பெனிச் சட்டத்தில் பதிவது) பொருத்தமானது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டிலும் உறுப்பினராக இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும், சேர்ந்து ஒரு பருவமாவது விற்றுப் பார்க்காமல் பதிவுக்குப் போகக் கூடாது. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். பழைய சங்கங்கள் எந்த நோயில் படுத்தன என்று தெரியாமல் புதியதைத் தொடங்கினால் அதே நோய் இங்கும் வரும்.

சங்கங்கள் தளர்ந்த கதை

இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது 1904ல். அதற்கு வழிகாட்டிய அறிக்கையை எழுதிய பிரெடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாண அதிகாரி. அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம், காஞ்சிபுரத்தில் நகர வங்கி, திருவல்லிக்கேணியில் டி.யு.சி.எஸ். எனப்படும் நுகர்வோர் சங்கம் என மூன்று வகைச் சங்கங்களும் நம் பக்கத்திலேயே முளைத்துவிட்டன. கூட்டுறவு நமக்கு மேலிருந்து திணிக்கப்பட்ட சங்கதி என்று சிலர் சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. ஆனால் திருவல்லிக்கேணியில் கூடிக் கடை வைத்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் தொடங்கினார்கள்.

திருப்பம் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1954ல் வெளியான அகில இந்திய கிராமக் கடன் ஆய்வறிக்கை, உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 விழுக்காடுதான் என்று கண்டறிந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி வட்டிக்காரர்களிடம் வாங்கியது. கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனால் அது வென்றே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்த அந்த அறிக்கை, அரசே சங்கங்களில் பங்கு போட வேண்டும் என்று பரிந்துரைத்தது. பணம் வந்தது, கட்டடம் வந்தது, ரேஷன் கடை வந்தது. கூடவே அரசு நியமனமும் அதிகாரிகளின் உத்தரவும் வந்தன. அன்றைய வறுமையில் வேறு வழி இருந்திருக்குமா என்பது எளிதில் தீராத விவாதம். ஆனால் விளைவு கண்முன் இருக்கிறது. சங்கத்தின் சொந்தக்காரர் யார் என்று கேட்டால், இன்று பெரும்பாலான உறுப்பினர்கள் "கவர்மென்ட்" என்றுதான் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் இந்த மனநிலையை ஆழமாக்கியது, தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவுக்குப் பதிலாக அரசு உட்காரவைக்கும் தனி அலுவலரின் ஆட்சி. 1976ல் தனி அலுவலர்களை நியமிப்பதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. நெடுங்காலம் கழித்து 1996ல் தேர்தல் நடந்து அமைந்த நிர்வாகக் குழுக்கள் 2001ல் ஆட்சி மாறியதும் நீக்கப்பட்டன. பிறகு 2013ல் ஒரு தேர்தல், 2018ல் ஒரு தேர்தல். 2018ல் வந்தவர்களின் ஐந்தாண்டு 2023ல் முடிந்ததும் நிர்வாகம் மறுபடி அதிகாரிகள் கைக்குப் போனது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை. இருபது வயதில் சங்கத்தில் சேர்ந்து இன்று அறுபதைக் கடந்தவர், தன் வாழ்நாளில் தலைவரைத் தேர்ந்தெடுத்த தடவைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சங்கத்தின் எல்லா உறுப்பினரும் கூட வேண்டிய பேரவைக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்று குறைபடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடன் தள்ளுபடியையும் பேசித்தான் ஆக வேண்டும். 2006, 2016, 2021 என மூன்று முறை பெரிய தள்ளுபடிகள் வந்தன. 2021 பிப்ரவரியில் அறிவித்தது மட்டும் 12,110 கோடி ரூபாய், பயன்பெற்றவர்கள் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட உழவர்கள். வறட்சியிலும் புயலிலும் அடிபட்டவர்களுக்கு அது உயிர்மூச்சு. அதை இழித்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் தள்ளுபடித் தொகையை அரசு சங்கங்களுக்குத் தவணை தவணையாகத்தான் ஈடுசெய்கிறது. அதுவரை சங்கத்தின் கையிருப்பு சுருங்கும். தவணை தவறாமல் கட்டியவர் ஏமாந்தவராக நிற்பார். அடுத்த தேர்தல்வரை கட்டாமல் பார்க்கலாம் என்ற எண்ணம் பரவும். தாங்கள் சேர்த்த பணம் சங்கத்தில் சிறுபங்காகவே இருக்கும்போது, அந்தச் சங்கம் நஷ்டப்பட்டால் யாருக்கு வலிக்கும்?

ஆக நோய் இரண்டு. உறுப்பினரின் பணம் சிறுத்தது, உறுப்பினரின் வாக்கு செயலிழந்தது. இனி வரும் ஒவ்வொரு தேர்வையும் இந்த இரண்டைக் கொண்டே எடைபோடுகிறேன்.

ஊரிலிருக்கும் சங்கத்துக்குள் போவது

நாலாயிரத்துக்கு மேற்பட்ட தொடக்கக் கடன் சங்கங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இவற்றின் முதல் பலம் பயிர்க்கடன். 3 லட்சம் ரூபாய் வரை வாங்கி உரிய காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை. வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. எந்தக் கம்பெனியும் எந்தத் தனியார் நிதி நிறுவனமும் இதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. இதோடு உர விற்பனை உரிமம், கிடங்கு, நகைக்கடன், ஊர் நடுவில் கட்டடம் எல்லாம் தயாராக இருக்கின்றன. இவற்றை எல்லாம் புதிதாக உருவாக்கப் பத்து வருடம் ஆகும். கோபத்தில் "அந்தச் சொசைட்டியே வேண்டாம்" என்று எழுந்து போகிறவர்கள் இந்தச் சொத்தை யார் கையில் விட்டுப் போகிறோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

உள்ளே போவதென்றால் முதல் வேலை தகவல் திரட்டுவது. தணிக்கை அறிக்கையில் தவணை கடந்த பாக்கி எவ்வளவு, உறுப்பினர் பட்டியலில் இறந்தவர்கள் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, சொந்த நிதி எவ்வளவு, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்குத் தர வேண்டியது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். செயலாளர் கொடுக்க மறுத்தால் சோர வேண்டாம். கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் நேரடியாக வராது என்று உச்ச நீதிமன்றம் 2013ல் தலப்பாலம் வழக்கில் சொன்னது உண்மைதான். ஆனால் சங்கங்களைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியான பதிவாளர் அந்தச் சட்டத்துக்குள் வரும் பொது அதிகார அமைப்பு, சட்டப்படி அவர் சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எனவே மனுவைத் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போடுங்கள்.

மோசடி என்று தெரிந்தால் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 81ஆம் பிரிவு விசாரணை இருக்கிறது. இழப்பை ஏற்படுத்தியவரிடமிருந்தே வசூலிக்க 87ஆம் பிரிவின் தண்டத்தீர்வை இருக்கிறது. உறுப்பினருக்கும் சங்கத்துக்குமான வழக்கு 90ஆம் பிரிவில் மாவட்ட அளவிலேயே முடியும். இது மெதுவாக நகரும் இயந்திரம்தான், ஆனால் பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. கம்பெனிக்குள் தகராறு வந்தால் இவ்வளவு பக்கத்தில் யாரும் இல்லை. இதைக் கம்பெனி ஆலோசகர்கள் யாரும் சொல்வதில்லை.

குறை என்னவென்று கேட்டால், முடிவெடுக்கும் அதிகாரம் ஊரில் இல்லை. எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன், யாரை வேலைக்கு எடுப்பது, எந்தப் பொருளை வாங்கி விற்பது என்பதில் பெரும்பகுதி மேலே தீர்மானமாகி வருகிறது. நிர்வாகக் குழுவைக் கலைக்க 88ஆம் பிரிவு எப்போதும் தயாராக இருக்கிறது. தேர்தல் எப்போது வரும் என்பதே நிச்சயமில்லாத இடத்தில் நூறு பேர் திரண்டு போய் மாற்றத்தைக் கொண்டுவருவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். பொறுமை இருப்பவர்களால் முடியும். ஏலம் வெளிப்படையாக நடக்கிற, சரக்கு கொண்டுவந்தவர் விலை கூறப்படுவதை நேரில் நின்று பார்க்கிற கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் கொங்கு மண்டலத்தில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பருத்திக்கும் மஞ்சளுக்கும் திருச்செங்கோடு சங்கத்தைத் தேடி உழவர்கள் போகிறார்கள். அதுவும் இதே சட்டத்தின் கீழ் இயங்குவதுதான்.

புதிய சங்கம் பதிவதும், பால்காரர்களின் பாடமும்

புதிய கூட்டுறவுச் சங்கம் என்ற தேர்வு காகிதத்தில் நன்றாக இருக்கும். நடைமுறையில் இது துறைக்குத் துறை மாறும். பால் என்றால் பால்வளத் துறை, நெசவு என்றால் கைத்தறித் துறை எனப் பதிவாளர் அதிகாரம் பிரிந்து கிடக்கிறது. ஏற்கெனவே ஒரு சங்கத்தின் எல்லைக்குள் இருக்கும் ஊரில் அதே வேலைக்கு இன்னொரு சங்கம் பதிய எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். பால், நெசவு, கைவினை போன்றவற்றில், மேலே வாங்கிக்கொள்ள ஓர் ஒன்றியமோ இணையமோ (சங்கங்களின் மாநிலக் கூட்டமைப்பு) இருந்தால் மட்டும் இது பொருள்படும்.

ஆவின் அமைப்பு அப்படிப்பட்டது. கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், சென்னையில் இணையம் என்று மூன்று அடுக்கு. தினமும் பாலை எடுத்துக்கொள்ள ஓர் ஆள் நிச்சயம் இருக்கிறார் என்ற தைரியம் இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் விலை? 2021 மே மாதம் புதிய அரசு பதவியேற்ற அன்றே ஆவின் பாலின் விற்பனை விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கும் உத்தரவு வந்தது. தேர்தல் வாக்குறுதி அது. 2022 நவம்பரில் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் கூடியது. அதையும் அறிவித்தது அரசுதான். குறைத்ததும் கூட்டியதும் சரியா தவறா என்பது இங்கே என் பேச்சு இல்லை. பாலின் சொந்தக்காரர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவுகளாக அவை இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். வாங்க ஆள் உண்டு, விலையில் நமக்குக் குரல் இல்லை. இந்தப் பேரத்துக்குச் சம்மதம் என்றால் பால் சங்கம் நல்ல தேர்வு.

பக்கத்துச் சித்தூரில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அந்த மாவட்டக் கூட்டுறவுப் பால் ஒன்றியத்தின் ஆலை 2002ல் மூடப்பட்டது. உற்பத்தியாளர்கள் தனியார் பால் நிறுவனங்களைச் சார்ந்து நின்றார்கள். 2014ல் அதே பகுதியில், திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கியது. உறுப்பினர்கள் முழுக்கப் பெண்கள். இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். கூட்டுறவு செத்த மண்ணிலேயே கூட்டுறவின் உயிர் வேறு சட்டத்தில் புகுந்து எழுந்துவிட்டது என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி வருகிறது. ஆனால் "நாமும் ஸ்ரீஜா போல ஆகலாம்" என்று மேடையில் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அதன் பின்னால் தேசியப் பால்வள வாரியத்தின் துணை நிறுவனமான என்.டி.டி.பி. டெய்ரி சர்வீசஸ் நின்றது. தொழில் தெரிந்த ஆட்கள், சோதனைக் கருவி, சந்தைத் தொடர்பு எல்லாம் முதல் நாளிலிருந்தே கிடைத்தன. உங்கள் ஊர் மஞ்சளுக்கோ தேங்காய்க்கோ அப்படி யார் நிற்கப்போகிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

உற்பத்தியாளர் கம்பெனி

பொருளாதார அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 2002ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். கூட்டுறவின் உள்ளடக்கத்தைக் கம்பெனிக்குள் வைப்பதே நோக்கம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதியலாம், அல்லது இரண்டு உற்பத்தியாளர் அமைப்புகள் சேர்ந்தாலும் போதும். தனிநபர்கள் உறுப்பினர்களாக இருக்கும் கம்பெனியில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. பங்குகளைச் சந்தையில் விற்க முடியாது. எனவே வெளியே இருந்து ஒரு முதலாளி வந்து மொத்தமாக வாங்கிவிடுவார் என்ற பயம் வேண்டாம். இயக்குநர்கள் ஐந்து முதல் பதினைந்து பேர். அரசு நினைத்தால் குழுவைக் கலைத்துத் தனி அலுவலரை உட்கார வைக்க இதில் வழியில்லை. நான் சொன்ன இரண்டு நோய்களில் வாக்கு சம்பந்தப்பட்டதற்கு இங்கே நல்ல மருந்து இருக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. ஆந்திரம் 1995லேயே பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் என்ற ஒன்றை இயற்றியது. அரசுப் பங்கு வாங்கக் கூடாது, அரசும் நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்பது அதன் அடிப்படை. கர்நாடகம் 1997ல் சௌஹார்த என்ற பெயரில் இதேபோல ஒரு சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் வரவே இல்லை. கூட்டுறவாகவும் இருக்க வேண்டும், அதிகாரிகளின் கைக்கும் போகக் கூடாது என்று விரும்பும் தமிழ்நாட்டு உழவருக்குக் கம்பெனிச் சட்டத்தைத் தவிர வேறு கதவு திறந்திருக்கவில்லை. விவசாயிகள் கம்பெனி மோகத்தில் அலைகிறார்கள் என்று கூட்டுறவுத் துறையினர் வருத்தப்படுவதுண்டு. வருத்தம் புரிகிறது. மாற்றுக் கதவு ஒன்றை 1995லேயே திறந்திருந்தால் அவர்களில் பலர் கூட்டுறவுக்குள்ளேயே இருந்திருப்பார்கள்.

இனி பணம். இங்கேதான் பெரும்பாலான உழவர் கம்பெனிகள் மூச்சுத் திணறுகின்றன. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தின் கணக்கையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். (அந்தத் திட்டம் கூட்டுறவுச் சட்டத்தில் பதிவானவற்றையும் ஏற்கிறது என்பது பலருக்குத் தெரியாது.) சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்கள். ஆளுக்கு 2,000 ரூபாய் பங்கு போட்டால் 6 லட்சம். அரசு ஈடாக இன்னொரு 6 லட்சம் தரும். ஆக மூலதனம் 12 லட்சம். மூன்றாண்டுகளுக்கு நிர்வாகச் செலவாக 18 லட்சம் வரை கிடைக்கும். அதில் சி.இ.ஓ. (தலைமைச் செயல் அலுவலர்) சம்பளம் மாதம் 25,000 ரூபாய், கணக்கர் சம்பளம் 10,000 ரூபாய் வரை.

நான்காம் ஆண்டில் அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது? இரண்டு பேருக்கும் சேர்த்து வருடத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். உரம், விதை, தானியம் போன்ற சரக்கில் கொள்முதல், போக்குவரத்துச் செலவு போக 2 விழுக்காடு மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், இந்தச் சம்பளத்துக்கு மட்டும் வருடம் 2 கோடியே 10 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் நடக்க வேண்டும். 300 உறுப்பினர்கள் என்றால் ஆளுக்கு 70,000 ரூபாய் சரக்கு கம்பெனி வழியாகப் போயாக வேண்டும். வாடகை, தணிக்கை, மின்சாரம் எல்லாம் இதற்கு மேல். உங்கள் 300 பேரில் எத்தனை பேர் அவ்வளவு சரக்கை வியாபாரிக்குக் கொடுக்காமல் கம்பெனிக்குக் கொடுப்பார்கள்? கூட்டத்தில் கை தூக்கச் சொல்லாமல் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து தனியாகக் கேளுங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் பேரவையில் கை தூக்குவார், அறுவடை நாளில் லாரி வியாபாரி வீட்டுக்குத்தான் போகும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கல்யாணச் செலவுக்கு நடுராத்திரியில் பணம் கொடுத்தவர் அந்த வியாபாரிதான்.

மூலதனம் 12 லட்சம் என்றால், ஒரு லாரி மஞ்சளை வாங்கி வைத்து விலைக்குக் காத்திருக்கவே அது பெரிதாகப் போதாது. வங்கிக்குப் போனால் பெரும்பாலும் இயக்குநர்களின் சொந்த ஜாமீனைக் கேட்கிறார்கள். நாப்கிசான், சமுன்னதி போன்ற நிதி நிறுவனங்கள் உழவர் அமைப்புகளுக்குக் கடன் தருகின்றன. ஆனால் வட்டியில்லாப் பயிர்க்கடனுக்குப் பழகியவருக்கு அந்த வட்டி கசக்கும்.

சட்டக் கடமைகளும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாதவை. பேரவைக் கூட்டத்துக்கு மொத்த உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கு வந்தாக வேண்டும். ஆயிரம் பேர் என்றால் 250 பேர். ஆண்டுப் படிவங்களைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம் ஏறிக்கொண்டே போகும். இரண்டு படிவம், ஒரு வருடத் தாமதம் என்றால் 73,000 ரூபாய். பதிவு செய்து கொடுத்தவர் அதன்பின் தொலைபேசியை எடுக்காமல் போனதால் நல்ல மனிதர்கள் இயக்குநர்களாக இருந்து இப்படி மாட்டிக்கொண்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

முழுநேர சி.இ.ஓ. கட்டாயம், அவர் உறுப்பினரல்லாதவராக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. திறமையானவர் கிடைத்தால் கம்பெனி எழுந்துவிடும். ஆனால் மெல்ல மெல்ல அவருக்கு மட்டுமே கணக்கு தெரியும் நிலை வந்தால், தனி அலுவலர் போன இடத்தில் சி.இ.ஓ. உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அரசு மானியத்தையே நம்பிப் பதிவான கம்பெனிகளில் பழைய முதல் நோயும், அதாவது சொந்தப் பணம் இல்லாத நோயும், அப்படியே இருக்கிறது.

மற்ற வழிகள்

பல மாநிலக் கூட்டுறவுச் சங்கம் என்றும் ஒன்று உண்டு. உறுப்பினர்கள் இரண்டு மாநிலங்களில் இருந்தால் 2002ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் பதியலாம். 2023ல் அதைத் திருத்தித் தேர்தல் ஆணையமும் குறைதீர்ப்பாளரும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் மாநில எல்லையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம். மாநில அதிகாரிகளிடமிருந்து தப்புவதற்காக மட்டும் இதைத் தேர்ந்தால் கேள்விக்குப் பதில் டெல்லியிலிருந்து வர வேண்டியிருக்கும். ஒரு தாலுகாவுக்குள் இருக்கும் குழுவுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

பதிவில்லாத குழுவாகத் தொடங்குவதை நான் மிகவும் ஆதரிக்கிறேன். தமிழ்நாடு அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017-18ல் இந்த வழியில்தான் போனது. இருபது பேர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து நூறு பேர் உற்பத்தியாளர் குழுவாகி, 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதியில் பவர் டில்லரோ ரோட்டவேட்டரோ வாங்க முடிந்தது. நூறு பேர் ஒரு இயந்திரத்தை முறை வைத்துப் பயன்படுத்தும்போதே யார் நேரத்துக்குத் திருப்பிக் கொடுப்பார், யார் வாடகையை இழுத்தடிப்பார், யார் கணக்கைச் சுத்தமாக எழுதுவார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பின்னாளில் யாரை இயக்குநராக்குவது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தேர்வு முறை இல்லை. பெரிய வாங்குபவரோடு ஒப்பந்தம் போடவோ, பெரிய கடன் வாங்கவோ இந்த வடிவம் போதாது. அந்தத் தேவை வரும் நாளில் பதிவு செய்துகொள்ளலாம்.

வடிவம் எவ்வளவு தூரம் காக்கும்?

சட்டம் சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காமலிருக்கக் கேரளத்தைப் பார்க்கலாம். வடகரைப் பக்கம் 1925ல் சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் தூண்டுதலில் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் நூறாண்டைக் கடந்துவிட்டது. சாதி மறுப்பு பேசியதால் வேலை மறுக்கப்பட்ட கூலிகள் சேர்ந்து தொடங்கிய சங்கம் இன்று பாலமும் சாலையும் போடுகிறது, கோழிக்கோட்டில் சைபர் பார்க் நடத்துகிறது. வேலை செய்கிற தொழிலாளிகளே உறுப்பினர்கள், அவர்களிலிருந்தே நிர்வாகம். அரசு ஒப்பந்தங்களில் கிடைக்கும் முன்னுரிமை அதற்குப் பெரிய பலம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை நேரத்தில் முடிகிறது, தரமாக முடிகிறது என்ற பெயரை முன்னுரிமை மட்டும் வாங்கித் தராது.

கண்ணூரில் ஆலை முதலாளிகள் கதவைச் சாத்தியபோது வேலையிழந்த பீடித் தொழிலாளர்கள் 1969ல் தொடங்கிய தினேஷ் பீடி, ஒருகாலத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் வேலை கொடுத்தது. பீடி குடிப்பவர்கள் குறைந்ததும் அது சுருங்கியது. ஆனால் சுருங்கும்போதே தேங்காய்ப் பால், குடை, ஆயத்த ஆடை, மென்பொருள் என்று வேறு தொழில்களுக்குத் திரும்பியது. அதே கேரளத்தில், அதே கூட்டுறவுச் சட்டத்தில்தான் கருவன்னூர் சேவைக் கூட்டுறவு வங்கி மோசடி 2021ல் வெடித்து, வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்களைத் தெருவில் நிறுத்தியது. முதல் இரண்டில் உறுப்பினரின் அன்றாடக் கூலியே சங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது. அன்றன்று சங்கத்துக்கு வருகிறவர் அன்றன்று கேள்வி கேட்பார். வைப்புத்தொகை போட்டுவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கைப் பதிவு செய்ய வருகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே எந்த வடிவத்தை எடுத்தாலும், உறுப்பினர் வாரம் ஒருமுறையாவது வந்துபோக வேண்டிய ஒரு வேலை அதில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பால், காய்கறி, தேயிலைக் கொழுந்து போன்றவற்றில் அது தானாகவே அமையும். ஆண்டுக்கொருமுறை அறுவடையாகும் பயிரில் உரக்கடையோ இயந்திர வாடகையோ சேர்த்தால்தான் அமையும்.

யாருக்கு எது?

நெல், நிலக்கடலை விளைவிக்கும், பயிர்க்கடனை நம்பி நடவு செய்யும் ஊராக இருந்தால் கடன் சங்கத்தை விடாதீர்கள். நூறு பேர் சேர்ந்து துணைப் பதிவாளரிடம் உறுப்பினர் பட்டியலைச் சரிசெய்யச் சொல்லுங்கள், அடுத்த தேர்தலுக்கு இப்போதே ஆள் தயார் செய்யுங்கள். கூடவே இயந்திரத்துக்கு ஒரு பதிவில்லாத குழு போதும்.

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள் நிறைந்த ஊரில், ஆவின் வண்டி வருகிறது, பட்டுவாடா தாமதமில்லை என்றால் அங்கேயே இருங்கள். பட்டுவாடா மாதக்கணக்கில் இழுக்கிறது, பக்கத்து ஊர்களிலும் அதே நிலை, குறைந்தது ஒரு பல்க் கூலர் (பாலைக் குளிரவைத்துச் சேர்க்கும் பெரிய தொட்டி) நிறையும் அளவுக்குப் பால் இருக்கிறது என்றால் கம்பெனியைப் பற்றி யோசிக்கலாம். அதற்குமுன் யார் வாங்குவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மஞ்சள், தேங்காய், சிறுதானியம், மிளகாய் போன்ற, தரம் பிரித்தால் விலை கூடும் சரக்குகளுக்குக் கம்பெனிதான் என் தேர்வு. முந்நூறு பேரைக் காகிதத்தில் சேர்த்துத் தொடங்குவதைவிட, உண்மையாகச் சரக்கு கொடுக்கும் அறுபது பேரோடு தொடங்குவது நல்லது. மானியத்துக்குத் தகுதி வராமல் போகலாம், பரவாயில்லை. இங்கே பங்குத்தொகையை 2,000 ரூபாயோடு நிறுத்தாமல், வருடா வருடம் சரக்கின் விலையில் ஒரு சிறுபகுதியை நிறுத்திவைத்துப் பங்காக மாற்றச் சட்டம் இடம் தருகிறது. குவிண்டாலுக்கு 50 ரூபாய் என்று வைத்தால்கூட, ஐந்தாறு வருடத்தில் யாரிடமும் கையேந்தாத மூலதனம் சேரும். பணம் சம்பந்தப்பட்ட நோய்க்கு எனக்குத் தெரிந்த மருந்து இது ஒன்றுதான்.

கம்பெனி என்று முடிவாகிவிட்டால், ஆடிட்டரிடம் போவதற்கு முன் உங்களுக்குள் பேசி எழுதிக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. ஓர் உறுப்பினர் வருடத்துக்குக் குறைந்தது எவ்வளவு சரக்கு கொடுத்தால் வாக்களிக்கலாம்? ஒரே குடும்பத்திலிருந்து எத்தனை பேர் இயக்குநராகலாம்? வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் இயக்குநராக நிற்கலாமா? அன்றைய கொள்முதல் விலையும் விற்ற விலையும் எங்கே எழுதி ஒட்டப்படும், வாட்ஸ்அப் குழுவில் யார் போடுவார்? வங்கிக் கணக்கில் சி.இ.ஓ.வோடு கையெழுத்துப் போடும் இயக்குநர் யார், அவர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்? பதிவு அலுவலகங்களில் கிடைக்கும் மாதிரி விதிகளில் இவை பொதுவான வாசகங்களாகத்தான் இருக்கும். உங்கள் ஊருக்கு ஏற்றபடி எண்ணும் பெயரும் போட்டு நிரப்பி, அதைப் பேரவையில் ஒருவர் சத்தமாக வாசித்து, எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு பதிவுக் கட்டணத்தைக் கட்டுங்கள்.